ஒரே படம், மூன்று தீர்ப்புகள்: மெட் மியூசியத்தில் இருக்கும் நான்காம் ஃபெலிப்பே

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபெலிப்பேயின் முழு உருவப்படம் ஒன்று இருக்கிறது. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், உயரம் 200 செ.மீ., அகலம் சுமார் 103 செ.மீ. 1913-ல் உயில் மூலம் மியூசியத்துக்குக் கிடைத்தபோது, வரைந்தவர் 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் தியெகோ வெலாஸ்கெஸ் என்ற பெயரோடுதான் வந்தது. 1973-ல் மியூசியமே அந்தப் பெயரை எடுத்துவிட்டு, அவருடைய பட்டறையில் வரையப்பட்டது என்று மாற்றி எழுதியது. 2010 டிசம்பரில் மறுபடியும் வெலாஸ்கெஸ்தான் என்று அறிவித்தது. நடுவில் படத்தை யாரும் மாற்றி வைக்கவில்லை. தொலைந்துபோன ஆவணம் எதுவும் திடீரென்று கையில் கிடைக்கவும் இல்லை. அப்புறம் எதை வைத்து முதலில் பெயரை எடுத்தார்கள், எதை வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே முழுதாகப் பார்க்கப் போகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1973-ல் நிபுணர்கள் சீர்தூக்கிப் பார்த்ததில் பெரும்பகுதி வெலாஸ்கெஸின் தூரிகை கிடையாது. பிற்காலத்தில் அதன்மேல் ஏறிய வார்னிஷும் மேல்பூச்சும்தான். ஒரு பழைய ஓவியத்தை யார் வரைந்தார் என்று கேட்பதற்கு முன்னால், நம் கண்ணுக்குத் தெரிவதில் எவ்வளவு அசல், எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று கேட்டாக வேண்டும். இந்த வழக்கில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

படத்தில் இருப்பது என்ன

மன்னர் 1605-ல் பிறந்தவர். 1621-ல், பதினாறு வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு அரியணை ஏறியவர். படத்தில் அவருக்குப் பத்தொன்பது வயது. கறுப்பு உடையில் நேராக நிற்கிறார். வலது கையில் மடித்த காகிதம் ஒன்று, குடிமக்களின் மனு என்று பொதுவாகச் சொல்வார்கள். இடது கை வாளின் பிடிமேல். பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் தொப்பி. மார்பில் தங்கச் சங்கிலியும், அவருடைய ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் பெருமைக்குரிய தங்க ஆட்டுத்தோல் பதக்கமும். கிரீடம் இல்லை, செங்கோல் இல்லை, திரைச்சீலை அலங்காரம் இல்லை. பின்னணி கிட்டத்தட்ட வெறுமை. நீண்ட தாடை, தடித்த கீழுதடு, பார்ப்பவரைப் பார்த்தும் பார்க்காதது போன்ற ஒரு முகம்.

கழுத்துப் பட்டையைத் தனியாகக் கவனியுங்கள். அதற்கு முந்தைய தலைமுறை ஸ்பெயின் மன்னர்கள் கழுத்தைச் சுற்றிப் பெரிய மடிப்பு மடிப்பான வெள்ளைப் பட்டையோடு நிற்பார்கள். 1623-ல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்த வந்த அரசாணை அந்த மடிப்புப் பட்டையை ஒழித்தது. அதற்குப் பதிலாக வந்தது கோலில்யா என்ற விறைப்பான தட்டைப் பட்டை. இந்தப் படத்தில் இருப்பது அதுதான். கஜானா காலியாக இருக்கும் நேரத்தில் சிக்கனத்தைத் தன்னிலிருந்தே தொடங்கும் இளம் மன்னர், மனுவை வாங்கிக்கொள்ளும் கை, வாளின்மேல் இருக்கும் கை. இது அழகுக்காக மட்டும் வரைந்த படம் இல்லை. ஓர் ஆட்சி தன்னைப் பற்றி வெளியிட்ட அறிக்கை என்றே சொல்லலாம். இது படத்தின் விறைப்பைப் புரிந்துகொள்ளவும் முக்கியம், ஏனென்றால் பிற்காலத்தில் சந்தேகத்துக்கு முதல் காரணமாக ஆனது அந்த விறைப்புதான்.

யார் கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள்

வெலாஸ்கெஸ் 1599-ல் தெற்கு ஸ்பெயினின் செவில்யா நகரில் பிறந்தவர். அரசவையில் செல்வாக்கு உச்சத்தில் இருந்த ஒலிவாரெஸ் பிரபுவின் குடும்பத்துக்கும் செவில்யா சொந்த மண். 1622-ல் மத்ரித் போய் ஒருமுறை முயற்சி செய்து வெறுங்கையோடு திரும்பிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வந்தது. 1623 ஆகஸ்ட் 30 அன்று மன்னரை வரைந்தார் என்று அவருடைய மாமனாரும் குருவுமான பச்சேகோ எழுதி வைத்திருக்கிறார். அக்டோபர் 6 அன்று அரசவை ஓவியர் பதவி. மாதம் 20 டுகாட் சம்பளம். வயது 24.

அடுத்த ஆண்டு 1624 டிசம்பர் 4 தேதியிட்டு ஒரு ரசீது இருக்கிறது. தோன்யா அந்தோனியா தே இபெனியாரியெத்தா என்ற சீமாட்டி சார்பில் 800 ரெயால் பெற்றுக்கொண்டதாக வெலாஸ்கெஸ் கையெழுத்திட்டது. மூன்று படங்களுக்கான பணம்: மன்னர், ஒலிவாரெஸ், அப்புறம் அந்தச் சீமாட்டியின் இறந்துபோன கணவர் கார்சியா பெரெஸ். ஒரு டுகாட்டுக்கு 11 ரெயால் என்று கணக்குப் போட்டால் வெலாஸ்கெஸின் மாதச் சம்பளம் 220 ரெயால். ஆகவே 800 என்பது மூன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். சின்னத் தொகை இல்லை.

இந்த மூன்றில் ஒலிவாரெஸ் படம் இப்போது பிரேசிலில், சாவோ பாவ்லோ கலை மியூசியத்தில் இருக்கிறது. மன்னர் படம்தான் நாம் பேசிக்கொண்டிருப்பது. அந்தோனியா பிறகு தியெகோ தெல் கோரால் என்ற நீதிபதியை மணந்தார். அவர்கள் இருவரையும் வெலாஸ்கெஸ் தனித்தனியாக வரைந்த படங்கள், வில்யாஎர்மோசா சீமாட்டி எழுதி வைத்தபடி 1905-ல் மத்ரித்தின் பிராடோ மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தோனியா தன் சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தை வாய்ப்பு கிடைத்தால் கட்டாயம் பாருங்கள், அரசவைப் படங்களில் அபூர்வமான ஒரு இதம் அதில் இருக்கும்.

ஆக, மன்னர் படத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் தொடர் இருக்கிறது, தேதி போட்ட ரசீது இருக்கிறது, ஓவியரின் கையெழுத்தும் இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் ரசீது நிரூபிப்பது பணம் கைமாறியதை மட்டும்தான். பட்டறை வைத்திருக்கும் ஓவியர் உதவியாளரை வரையவிட்டு, கடைசியில் இரண்டு இடம் தொட்டுக்கொடுத்து, தன் பெயரில் பணம் வாங்குவது அந்தக் காலத்தில் தவறாகவே கருதப்படவில்லை. அதிலும் மன்னர் முகம் என்பது ஒருமுறை வரைந்துவிட்டால் உறவினர் அரசவைகளுக்கும் அதிகாரிகளுக்கும் பிரபுக்களின் வீடுகளுக்கும் பிரதி பிரதியாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. அசலின் கோடுகளை மெல்லிய தாளில் படியெடுத்து, புதுக் கேன்வாஸுக்கு மாற்றி, வண்ணம் நிரப்புவார்கள். இதே நிலையில் மன்னர் நிற்கும் இன்னொரு படம் பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் 1904 முதல் இருக்கிறது. எது எதைப் பார்த்து வரைந்தது என்ற கேள்வி எழுவது இயற்கை.

விற்பனை, வார்னிஷ், வீழ்ச்சி

இபெனியாரியெத்தா குடும்ப வழியில் வந்த மன்னர் படம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து, டுவீன் சகோதரர்கள் என்ற பெரிய வியாபார நிறுவனத்தின் வழியாக பெஞ்சமின் ஆல்ட்மன் கைக்குப் போனது. நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூவில் பெரிய துணிக்கடை நடத்தியவர். 1913 அக்டோபரில் அவர் இறந்தபோது ரெம்பிராண்ட் படங்கள் உட்படத் தன் சேகரிப்பு முழுவதையும் மெட் மியூசியத்துக்கு எழுதி வைத்தார்.

அந்தக் காலத்து அமெரிக்கச் செல்வந்தர்களுக்குப் படம் பளபளவென்று இருக்க வேண்டும். சிதைவும் சிராய்ப்பும் தெரியக்கூடாது. அதனால் விற்பதற்கு முன்னால் உதிர்ந்த இடங்களை நிரப்பி, அதோடு நிற்காமல் அக்கம்பக்கத்து அசல் வண்ணத்தின் மேலும் பூசி, எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்ட மேலே தடிமனாக வார்னிஷ் அடிப்பது வழக்கம். டுவீன் நிறுவனம் இதற்குப் பேர்போனது. அப்படி அடித்த வார்னிஷ் ஆண்டுகள் போகப் போக மஞ்சளித்துப் பழுப்பாகும். பூஜை அறையில் வருடக்கணக்காக விளக்குப் புகை படிந்த சாமி படக் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் நிறம் எது, புகை எது என்று சொல்லவே முடியாது. கறுப்பு உடை அணிந்த ஒருவரின் படத்துக்கு இது இன்னும் பெரிய கேடு. வெலாஸ்கெஸின் கறுப்பு ஒரே கறுப்பு இல்லை. துணியின் மடிப்புக்கு ஒன்று, பட்டின் மினுக்கத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று சாம்பலை நெருங்கும் பல படிகள் அதில் உண்டு. பழுத்த வார்னிஷுக்கு அடியில் அந்தப் படிகள் எல்லாம் ஒரே தட்டையான இருட்டாகிவிடும்.

இந்த நிலையில் இருந்த படத்தைத்தான் நிபுணர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்தார்கள். முகம் உயிரில்லாமல் முகமூடி போல இருக்கிறது, உடை தட்டை, இது பட்டறை வேலை என்ற எண்ணம் வலுத்தது. 1973-ல் மெட் மியூசியம் தன் ஐரோப்பிய ஓவியங்களில் சுமார் 300 படங்களின் ஓவியர் பெயர்களை மறுபரிசீலனை செய்து மாற்றியபோது, இந்தப் படமும் பெயரை இழந்தது.

அவர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு மியூசியம் தன்னிடம் இருக்கும் பெரிய பெயர்களைத் தானே முன்வந்து கேள்வி கேட்பது நேர்மையான வேலை. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான், 1971-ல், வெலாஸ்கெஸ் வரைந்த ஹுவான் தே பரேகா படத்தை இதே மியூசியம் வாங்கியிருந்தது. அந்த அசாத்தியமான முகத்துக்குப் பக்கத்தில் வார்னிஷ் மூடிய இந்த ஃபெலிப்பேயை வைத்துப் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வந்திருக்கும். அவர்கள் விட்டது ஒரே ஒரு படி: சுத்தம் செய்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்கலாம்.

2009: பஞ்சும் கரைப்பானும்

மாற்றம் வேறொரு படத்திலிருந்து தொடங்கியது. ஒரு மனிதரின் மார்பளவு உருவப்படம், அதுவும் மெட் மியூசியத்துடையது, அதுவும் பட்டறை வேலை என்று தரம் குறைக்கப்பட்டது. ஓவியப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் மைக்கேல் கல்லகர் 2009-ல் அதைச் சுத்தம் செய்தபோது, பழுத்த வார்னிஷுக்கு அடியிலிருந்து வந்த தூரிகை வேலையைப் பார்த்து அது வெலாஸ்கெஸ் கைதான் என்று முடிவாகி, அதற்காகவே ஒரு சிறு கண்காட்சியும் வைத்தார்கள். அடுத்து மேசைக்கு வந்தவர் நம் மன்னர்.

சுத்தம் செய்வது என்றால் என்ன? குச்சியில் சுற்றிய சின்னப் பஞ்சு, சரியான விகிதத்தில் கலந்த கரைப்பான், ஒரு நேரத்தில் ஒரு சிறிய சதுரம். கரைப்பான் வார்னிஷைக் கரைக்க வேண்டும், அடியில் இருக்கும் 17-ஆம் நூற்றாண்டு எண்ணெய் வண்ணத்தைத் தொடக்கூடாது. நூற்றாண்டுகள் கடந்த எண்ணெய் வண்ணம் இறுகிவிட்டதால் இது சாத்தியம். மேலே பின்னால் பூசிய வண்ணம் அவ்வளவு இறுகியிருக்காது, எனவே அதையும் பொறுமையாக எடுக்கலாம். ஒவ்வொரு பஞ்சும் பழுப்பாகி வரும்போது கீழே ஒரு வெளிச்சம் திறக்கும்.

இந்தப் படத்தில் திறந்தது நல்ல செய்தி மட்டும் இல்லை. அசல் வண்ணம் பல இடங்களில் தேய்ந்தும் உதிர்ந்தும் போயிருந்தது. முகத்திலேயே, ஒரு கண் இருந்த இடத்தில் அசல் பெரும்பாலும் இல்லை. மன்னரின் உருவப்படத்தில் கண் போயிருக்கிறது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் நிபுணர்கள் உயிரில்லை என்று சொன்ன பார்வையில் பாதி, பழுதுபார்த்தவர் வரைந்த பார்வை! பிழைத்திருந்த பகுதிகளில்தான் வேறு கதை. காகிதத்தைப் பிடித்திருக்கும் கை, தாடையின் ஓரத்தில் வெளிச்சம் திரும்பும் விதம், கறுப்புக்குள் கறுப்பாக வேலை செய்திருக்கும் உடை, இவை பிரதியெடுக்கும் சீடனின் தயக்கமான கையைக் காட்டவில்லை.

மத்ரித்தில் புதைந்திருந்த சாட்சி

என்னை மிகவும் கவர்ந்த சான்று நியூயார்க்கில் இல்லை, பிராடோவில் இருக்கிறது. அங்கே கறுப்பு உடையில் மன்னர் நிற்கும் இதே அளவிலான வெலாஸ்கெஸ் படம் ஒன்று உண்டு, அதன்மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அதில் கால்கள் நெருக்கமாக இருக்கும், மேலங்கி ஒடுங்கியிருக்கும், உருவம் மொத்தமுமே மெலிந்து உயர்ந்த மாதிரி இருக்கும். அதை எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் இன்னொரு மன்னர் தெரிந்தார். ஈய வெள்ளை கலந்த வண்ணம் எக்ஸ்ரேயைத் தடுக்கும் என்பதால், மேலே மூடிவிட்டாலும் பழைய வடிவம் படத்தில் பதிவாகும். கால்கள் அகன்று, மேலங்கி விரிந்து நிற்கும் அந்த முதல் வடிவம் 1623-ல் வரைந்தது. 1628 வாக்கில் வெலாஸ்கெஸ் அதன்மேலேயே திருத்தி வரைந்து, இப்போது நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அடியில் இருக்கும் அந்த முதல் வடிவத்தின் கோடுகளும் மெட் படத்தின் கோடுகளும் பொருந்துகின்றன.

இதிலிருந்து என்ன வருகிறது? மெட் படத்தை வரைந்தவர் பிராடோ படம் திருத்தப்படுவதற்கு முன்னால் அதைப் பார்த்திருக்க வேண்டும், அதன் கோடுகளைப் படியெடுக்கும் அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். 1628-க்குப் பிறகு அந்த வடிவம் வண்ணத்துக்கு அடியில் போய்விட்டது. ஆகவே பிற்காலத்தில் யாரோ வரைந்த பிரதி என்ற வாதத்துக்கு இடமே இல்லை. 1624 டிசம்பர் என்ற ரசீதின் தேதி இதோடு கச்சிதமாகச் சேருகிறது.

சரி, அந்த நேரத்திலேயே ஓர் உதவியாளர் படியெடுத்து வரைந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குக் கோடுகள் பதில் சொல்லாது, தூரிகைதான் சொல்ல வேண்டும். அதோடு இன்னொன்றும் யோசிக்கிறேன். 1624 டிசம்பரில் வெலாஸ்கெஸ் பதவிக்கு வந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. அரசவையில் பழைய ஓவியர்களின் பொறாமைக்கு நடுவே தன்னை நிலைநிறுத்திக்கொண்டிருக்கும் 25 வயது இளைஞர், செல்வாக்குள்ள ஒரு குடும்பம் பெரிய தொகை கொடுத்துக் கேட்ட மன்னர் படத்தை வேறொருவர் கையில் கொடுத்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஸ்பானிய ஓவியத்தில் பெரிய அறிஞரான ஜொனாதன் பிரவுன், சுத்தம் செய்த படத்தைப் பார்த்துவிட்டு இது வெலாஸ்கெஸ்தான் என்றார். மெட் ஐரோப்பிய ஓவியப் பிரிவின் அப்போதைய தலைவர் கீத் கிறிஸ்டியன்சனுக்கும் அதே முடிவு. முப்பத்தேழு ஆண்டுக்குப் பிறகு பெயர் திரும்பியது.

இப்போது நாம் பார்க்கும் கண் யாருடையது?

பெயர் திரும்பியதோடு முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. உதிர்ந்த இடங்களை கல்லகர் நிரப்பியிருக்கிறார், முகம் உட்பட. இன்றைய முறைப்படி நிரப்புவது இழந்த இடத்துக்குள் மட்டும் நிற்கும், அசலின் மேல் ஏறாது, தேவைப்பட்டால் எதிர்காலத்தில் எளிதாக எடுத்துவிடலாம். டுவீன் காலத்து வேலைக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான், பெரிய வித்தியாசம். ஒரு குழியோடு மன்னர் முகத்தை மாட்டி வைக்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். ஆனாலும் படத்தின் முன்னால் நிற்கும் சாதாரணப் பார்வையாளர், வெலாஸ்கெஸ் என்ற பெயரைப் படித்துவிட்டு நேராக அந்தக் கண்ணைத்தான் பார்ப்பார். சுத்தம் செய்து, நிரப்புவதற்கு முன் எடுத்த புகைப்படத்தைப் பக்கத்திலேயே, படத்துக்கு இணையான மரியாதையோடு வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எது போய்விட்டது என்று தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு, எது மிச்சம் இருக்கிறது என்பதும் கூர்மையாகத் தெரியும்.

விறைப்பு பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி. 2010-11 குளிர்காலத்தில் நியூயார்க்கில் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. மெட் மியூசியத்திலிருந்து ஃபிஃப்த் அவென்யூவில் பன்னிரண்டு தெரு தெற்கே இருக்கும் ஃப்ரிக் சேகரிப்பு என்ற மியூசியத்தில், வெலாஸ்கெஸ் 1644-ல் வரைந்த இன்னொரு ஃபெலிப்பே படத்தை அதே கல்லகர் சுத்தம் செய்து தர, அதைத் தனிக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். கத்தலான் கிளர்ச்சியை எதிர்த்துப் படையோடு போன மன்னர், ஃப்ராகா என்ற ஊரில் இடிந்துகொண்டிருந்த ஒரு வீட்டில் மூன்றே அமர்வுகளில் நின்று தன்னை வரையவைத்த படம் அது. இளஞ்சிவப்பு மேலங்கியில் வெள்ளிச் சரிகை. கிட்டே போனால் சரிகையே இல்லை, அவசரமாக வைத்த வெள்ளைத் திட்டுகள்தான், நாலு அடி பின்னால் வந்தால் சரிகை மின்னும். வெலாஸ்கெஸ் என்றதும் நம் மனதில் வருவது இந்தக் கை. 1624 படத்தைச் சந்தேகப்பட்டவர்கள் மனதிலும் இதுதான் அளவுகோலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் 1624-ல் வரைந்தவர் இன்னும் ஃபிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸைச் சந்திக்கவில்லை, அது 1628-ல். இத்தாலிக்கும் போகவில்லை, அது 1629-ல். முகத்தையும் கையையும் கெட்டியாக, ஓரங்களை அழுத்தமாக வரையும் செவில்யா பழக்கம் இன்னும் விடாத இளைஞர் அவர். அந்த வயதில், அந்த வேலைக்கு, அந்த மன்னரை அவர் அப்படித்தான் வரைந்திருப்பார்.